அப்பாவின் கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட்டும் எங்கள் குசினித் தேங்காய் எண்ணெயும்

கொக்குவில் மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. போன கிழமை எடுத்த இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்திருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ரோல் 242, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரோல் என்பது) 168, எச்டிஎல் (நல்லது என்பது) 42, ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு 160, எல்லாம் டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில். சலரோகம் இல்லை. பிரஷருக்கு மட்டும் ஒரு குளிசை போடுகிறார். டொக்டர் மூன்று மாதத் தவணை தந்திருக்கிறார். "சாப்பாட்டைக் கவனியுங்கள், தேங்காயைக் குறையுங்கள், திரும்ப இரத்தம் பார்த்துவிட்டுக் குளிசையைப் பற்றி யோசிப்போம்" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஒரு வசனத்துக்கு நாலு பேர் நாலு விளக்கம். அம்மா சொல்கிறார், அப்பப்பா தேங்காய்ப்பால் இல்லாமல் ஒரு நேரமும் சாப்பிட்டதில்லை, 91 வயது மட்டும் இருந்தார் என்று. டொரொண்டோவில் இருக்கும் தம்பி, வீட்டில் உள்ள தேங்காய் எண்ணெய் முழுவதையும் ஊற்றிவிட்டு ஒலிவ் எண்ணெய் வாங்கச் சொல்கிறான். பக்கத்து வீட்டு மாமி ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்: விடிய வெறும் வயிற்றில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் குடித்தால் கொலஸ்ட்ரோல் கரைந்துவிடுமாம். கடைக்காரர் சூரியகாந்தி எண்ணெய்ப் போத்தலை எடுத்து, "கொலஸ்ட்ரோல் இல்லை" என்று எழுதியிருப்பதைக் காட்டுகிறார்.

எங்கள் வீட்டுக் கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். நாலு பேர். நாளுக்கு ஒரு தேங்காய் போகும். காலையில் பிட்டோ இடியப்பமோ என்றால் சொதியும் சம்பலும், மத்தியானம் ஒரு பால்கறி. தேங்காய் எண்ணெய் மாதம் 2 லீற்றர். கத்தரிக்காய், வாழைக்காய், மீன் எல்லாம் பொரிப்பது அதில்தான். பொரித்து மிஞ்சுவதை வடித்து வைத்து அடுத்த நாள் தாளிக்க எடுப்போம். நல்லெண்ணெய் தோசைக்கும் உளுத்தங்களிக்கும் மட்டும். பாண் வாங்கும் நாளில் மாஜரின். பின்னேரம் அப்பாவுக்குக் கடை வடை ஒன்றும், இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணீரும் வேண்டும்.

இன்னொன்று மனதில் கிடந்து உறுத்துகிறது. மார்கழி விடியலில் எங்கள் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் வெள்ளை மெழுகு மாதிரி உறைந்து நிற்கும். அம்மா அதை முற்றத்து வெயிலில் வைத்து இளக்கி எடுப்பார். பக்கத்தில் நல்லெண்ணெய் அப்படியே தண்ணீராக இருக்கும். அந்த வெள்ளையைப் பார்க்கும்போது, அப்பாவின் இரத்தக் குழாய்க்குள்ளும் இப்படித்தான் உறைகிறதோ என்று பயமாக இருக்கிறது. நிரம்பிய கொழுப்பு, நிரம்பாத கொழுப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கிறது. ஆனால் தாச்சியில் எதை, எவ்வளவு விடுவது என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சுன்னாகம் செக்கடி எழுதியது:

அக்கா, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் செக்குத்தான் தொழில். அப்பப்பா காலத்தில் மாடு பூட்டிய மரச்செக்கு, இப்போது மோட்டர். நான் சொல்வதில் வியாபாரம் இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். இருந்தாலும் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் பழைய வீடுகளில் நல்லெண்ணெய்க்கு ஒரு தனி இடம் இருந்தது. பெரியபிள்ளையான பெண்ணுக்கு முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பார்கள், பிள்ளை பெற்றவளுக்குச் சமைப்பதும் அதில்தான். கத்தரிக்காய்க் குழம்பை நல்லெண்ணெயில் வதக்கி வைத்தால் அடுத்த நாள் அந்தக் குழம்புக்கு ஒரு ருசி வரும், அது தேங்காய் எண்ணெயில் வராது. இப்போது கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாமிக்கு விளக்கு வைக்கத்தான் கேட்கிறார்கள். அது எனக்குக் கவலை.

வாங்கும்போது மணந்து பாருங்கள். எள்ளின் மணம் மூக்கைக் குத்தாமல் இதமாக வர வேண்டும். வறுத்துக் கருகின மணமோ, ஒரு மணமும் இல்லாமலோ இருந்தால் விடுங்கள். மலிவாகக் கிடைத்தால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். நல்ல நல்லெண்ணெய் எவ்வளவும் சாப்பிடலாம், உடம்புக்கு ஒன்றும் செய்யாது.


ஆய்வுகூடத்து அன்ரி எழுதியது:

பிள்ளை, நான் 31 வருடம் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுத்துப் பரிசோதித்து ஓய்வு பெற்றவள். டொக்டர் இல்லை. ஆனால் இந்த எண்களோடுதான் என் வாழ்க்கை போனது. என் கணவருக்கு 57 வயதில் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு, எங்கள் குசினியிலும் இதே சண்டை நடந்தது. ஆகவே வடிவாக, நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் உங்கள் பயம். போத்தலில் உறைவது போலக் குழாயில் உறைவதில்லை. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகையில் உறையும், எங்கள் உடம்பு 37 பாகை. அதோடு கொழுப்பு இரத்தத்தில் எண்ணெயாக மிதப்பதில்லை, புரதம் சுற்றிய சிறு சிறு பொதிகளாகத்தான் ஓடுகிறது. இரத்தம் எடுத்த சோதனைக் குழாயைச் சுழல்பொறியில் வைத்துச் சுற்றினால் சிவப்பு கீழே போய், மேலே சீரம் தெளியும். ட்ரைகிளிசரைட் மிகவும் கூடியவருக்கு அந்தச் சீரம் பால் மாதிரி வெள்ளையாக நிற்கும், பார்த்தவுடனே தெரியும். ஆனால் எல்டிஎல் மட்டும் கூடியவரின் சீரம் நல்ல தெளிந்த மஞ்சள். 90 உள்ளவருடையதும் 190 உள்ளவருடையதும் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. என் கணவருடையதும் அப்படித்தான் தெளிவாக இருந்தது. உடம்பில் ஒரு நோவும் இல்லையே என்று அப்பா சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

உண்மையில் நடப்பது கல்லீரலில். எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கிற ஏற்பிகள் அங்கே இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு பேருக்கு 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. நிரம்பிய கொழுப்பைக் கூடச் சாப்பிட்டால் அந்த ஏற்பிகள் குறைகின்றன. எடுப்பார் இல்லாமல் எல்டிஎல் இரத்தத்திலேயே சுற்றிச் சுற்றி, வருடக்கணக்கில் குழாய்ச் சுவருக்குள் இறங்குகிறது. நிரம்பாத கொழுப்பை அதற்குப் பதிலாகச் சாப்பிட்டால் ஏற்பிகள் கூடுகின்றன.

உறைவதற்கும் இதற்கும் உள்ள உறவு இவ்வளவுதான்: கொழுப்பில் இருப்பது கொழுப்பமிலம் என்ற காபன் சங்கிலிகள். நிரம்பியதில் அந்தச் சங்கிலி நேராக இருக்கும், ஈர்க்குக் கட்டு மாதிரி நெருங்கி அடுக்குப்படும், அதனால் உறையும். நிரம்பாததில் இரட்டைப் பிணைப்பு இருக்கிற இடத்தில் ஒரு வளைவு விழும், நெருங்கி அடுக்குப்படாது. மார்கழியில் உங்கள் நல்லெண்ணெய் உறையாததற்குக் காரணம் அது.

இப்போது எண்ணெய்கள். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 85 வீதம் நிரம்பிய கொழுப்பு. நெய்யில் 60க்குக் கிட்ட, பட்டரிலும் பாம் எண்ணெயிலும் பாதி. நல்லெண்ணெயிலும் ஒலிவ் எண்ணெயிலும் சோயா எண்ணெயிலும் 15 வீதம் அளவில், சூரியகாந்தியில் 10 சொச்சம். நல்லெண்ணெயில் மிச்சம் உள்ளது, ஓர் இரட்டைப் பிணைப்புள்ளதும் பல இரட்டைப் பிணைப்புள்ளதும் ஏறக்குறையச் சரிபாதி. ஆகவே தம்பி சொல்கிற ஒலிவ் எண்ணெய் நல்லதுதான், ஆனால் அந்தக் காசு செலவழிக்கத் தேவையில்லை. சுன்னாகத்து எண்ணெய் காணும்.

கடைக்காரர் காட்டிய "கொலஸ்ட்ரோல் இல்லை" என்பதை மறந்துவிடுங்கள். தாவரத்திலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரோல் இல்லை என்றே சொல்லலாம், தேங்காய் எண்ணெயிலும் இல்லை. போத்தலில் பார்க்க வேண்டியது நிரம்பிய கொழுப்பு எத்தனை கிராம் என்பது. வெறுமனே "மரக்கறி எண்ணெய்" என்று எழுதியிருந்தால் அது பாம் எண்ணெயாக இருக்கலாம், பின்பக்கத்தை வாசியுங்கள்.

மாமியின் வீடியோ எனக்கும் வந்தது. அதில் சொல்வது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு நேரே கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும் என்று. அந்த ஆராய்ச்சிகள் செய்யப்பட்டது 8, 10 காபன் உள்ள கொழுப்பமிலங்களைப் பிரித்தெடுத்த எண்ணெயில். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லோரிக் அமிலம், அதற்கு 12 காபன். பேரளவில் நடுத்தரம்தான், ஆனால் உடம்பு அதில் பெரும் பகுதியை நீண்ட சங்கிலி போலத்தான் நடத்துகிறது. 2020இல் "சேர்க்குலேஷன்" மருத்துவ இதழில் 16 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள். சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் சாப்பிட்டவர்களின் எல்டிஎல் சராசரியாக 10 மில்லிகிராம் கூட. நல்ல கொலஸ்ட்ரோல் என்கிற எச்டிஎல்லும் 4 கூடியது உண்மை. ஆனால் எச்டிஎல்லை மருந்தால் கூட்டிப் பார்த்த பரிசோதனைகளில் மாரடைப்பு அதனால் குறையவில்லை. வெறும் வயிற்றுக் கரண்டி வேண்டாம்.

உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2 லீற்றர் என்பது ஏறக்குறைய 1,840 கிராம். நாலு பேர், முப்பது நாள். ஆளுக்கு நாளுக்கு 15 கிராம், அதில் நிரம்பியது 13 கிராம். மிஞ்சும் எண்ணெயைத் திரும்பத் தாளிக்க எடுக்கிறீர்கள், ஆகவே கழிக்க ஒன்றும் இல்லை. தேங்காய்ப்பூ 100 கிராமில் நிரம்பிய கொழுப்பு 30 கிராம் மட்டில். ஒரு காயில் 300 கிராம் பூ வந்தால் 90 கிராம். பாதி சக்கையோடு போனது என்று வைத்தாலும் ஆளுக்கு 11. இரண்டும் சேர்த்து 24. மொத்த சக்தியில் 10 வீதத்துக்கு மேல் நிரம்பிய கொழுப்பு வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை, 2023இலும் அதைத் திரும்பச் சொன்னார்கள். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 22 கிராம். 68 வயதில் அப்பா அவ்வளவும் சாப்பிடமாட்டார், அவருக்கு 20 என்று வையுங்கள். வடையும் மாஜரினும் பால்மாவும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன.

நான் இவ்வளவு எழுதியது ஒரு விஷயத்துக்காகத்தான். எதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்க இருதயச் சங்கம் 2017இல் பரிசோதனைகளைத் தொகுத்துச் சொன்னது: நிரம்பிய கொழுப்புக்குப் பதில் பல இரட்டைப் பிணைப்புள்ள எண்ணெயை வைத்தால் இருதய நோய் ஏறக்குறைய 30 வீதம் குறைகிறது. அதே இடத்தில் வெள்ளை மாவையும் சீனியையும் வைத்தால் அந்தப் பலன் கிடைப்பதில்லை. சொதியை நிறுத்திவிட்டு, பசிக்கிறது என்று நாலு துண்டு பாணும் ஜாமும் சாப்பிட்டால் அப்பாவின் ட்ரைகிளிசரைட்தான் ஏறும். எங்கள் வீட்டில் முதல் வருடம் நடந்தது அதுதான். நான் தேங்காயை அடியோடு நிறுத்தினேன், அவர் பிஸ்கட்டுக்குப் போனார். எனக்கு விளங்க ஒரு வருடம் எடுத்தது.

கடைசியில் செக்கடித் தம்பிக்கு ஒரு சொல்: எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான், நல்லெண்ணெயும் அப்படித்தான். "எவ்வளவும் சாப்பிடலாம்" என்று மட்டும் வாடிக்கையாளருக்குச் சொல்லாதேயுங்கோ ராசா.


பளைத் தென்னை எழுதியது:

அன்ரி, மரியாதையோடு கேட்கிறேன். எங்களுக்குப் பளையில் தென்னங்காணி இருக்கிறது. ஆச்சி 94 வயது மட்டும் இருந்தார். தேங்காய் எண்ணெயைத் தவிர வேறு எண்ணெய் வீட்டுக்குள் வந்ததே இல்லை. இந்த மண்ணில் இத்தனை தலைமுறை சாப்பிட்ட ஒன்றை ஏன் இப்போது நஞ்சு என்று சொல்ல வேண்டும்? தேங்காய்தான் உணவு என்று இருக்கிற தீவுகளில் மாரடைப்பே இல்லை என்றும் வாசித்திருக்கிறேன்.


ஆய்வுகூடத்து அன்ரி எழுதியது:

தம்பி, நஞ்சு என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலும் இன்றைக்குத் தேங்காய் திருவியது.

நீங்கள் வாசித்தது பசிபிக்கில் உள்ள டோகெலாவ், புகாபுகா தீவுகளைப் பற்றியதாக இருக்கும். அந்த ஆய்வு 1981இல் வெளிவந்தது. டோகெலாவில் சாப்பாட்டுச் சக்தியில் 63 வீதம் தேங்காயிலிருந்து வந்தது, புகாபுகாவில் 34 வீதம். இரண்டு இடத்திலும் இருதய நோய் அரிது, அது உண்மை. ஆனால் அதே ஆய்வில், தேங்காய் கூடச் சாப்பிட்ட டோகெலாவ் ஆட்களின் கொலஸ்ட்ரோல் மற்றத் தீவை விட 35, 40 மில்லிகிராம் கூட இருந்தது. அவர்கள் சாப்பிட்டது தேங்காயும் மீனும் கிழங்கும், சீனி மிகக் குறைவு. போத்தல் எண்ணெயில் வாழைக்காய் பொரித்து, பின்னேரம் றோல்ஸும் சீனித் தேத்தண்ணீரும் எடுக்கிற எங்களுக்கு அந்த நாள் டோகெலாவை உதாரணம் காட்ட முடியாது.

உங்கள் ஆச்சியைப் பற்றிக் கேட்க ஆசையாக இருக்கிறது. அவருடைய வீட்டில் பொரியல் நாளாந்தம் இருந்ததா? எங்கள் ஆச்சி வீட்டில் தாச்சி அடுப்பில் ஏறுவது தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் யாராவது விருந்தாளி வந்தாலும்தான். மற்ற நாளில் ஒடியல் கூழ், கீரை, சூடை மீன் தீயல், குரக்கன் பிட்டு. கிணற்றில் துலாவால் தண்ணீர் அள்ளியவர். இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். நாங்கள் எல்லோரும் 94 வரை இருந்தவரின் கதையைச் சொல்கிறோம். எங்கள் பெரியப்பா 52 வயதில் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவர் சாப்பிட்டதும் அதே குசினியில்தான். அவர் எதைச் சாப்பிட்டார் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கதைத்ததில்லை.


குசினி விருப்பம் எழுதியது:

அப்படியென்றால் பொரிக்கவும் சூரியகாந்தியா? அதைக் கன நேரம் சூடாக்கினால் கூடாது என்கிறார்களே.


ஆய்வுகூடத்து அன்ரி எழுதியது:

நல்ல கேள்வி. இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தைத்தான் ஒட்சிசன் தாக்கும். பிணைப்புக் கூடக் கூட எண்ணெய் சூட்டில் கெதியாகப் பழுதாகும். அந்த விதத்தில் தேங்காய் எண்ணெய்தான் தாக்குப் பிடிக்கும், அதை மறுக்க முடியாது. நல்லெண்ணெயில் செசமோல் போன்ற பொருட்கள் இருப்பதால் சூரியகாந்தியை விடக் கொஞ்சம் தாங்கும். ஆனால் வீட்டில் சிறிய தாச்சியில் கொஞ்ச எண்ணெய் விட்டு, புகை வரமுன் ஒருமுறை பொரித்து, மிஞ்சியதை வைக்காமல் விட்டால் எதுவும் பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை, அடுப்பில் நாள் முழுக்கக் கொதித்து, அடுத்த நாள் அதிலேயே புது எண்ணெய் விடுகிற கடை வடைதான். தைப்பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ பலகாரம் சுட்டால் தேங்காய் எண்ணெயில் சுடுங்கள். அது வருடத்தில் சில நாள்.

மாஜரினில் எண்ணெயை இறுக்கப் பகுதியாக ஐதரசன் ஏற்றியிருந்தால் ட்ரான்ஸ் கொழுப்பு உண்டு. அது எல்டிஎல்லைக் கூட்டி எச்டிஎல்லையும் குறைக்கும். இரண்டு பக்கமும் கெடுதல். பேக்கரிச் சாமானுக்கும் இதே கவனம்.


கொக்குவில் மகள் எழுதியது (மூன்றரை மாதத்துக்குப் பிறகு):

அன்ரி, எல்லோரும், பிந்தி எழுதுவதற்கு மன்னியுங்கள். போன புதன் திரும்ப இரத்தம் எடுத்தோம். எல்டிஎல் 141, எச்டிஎல் 43, ட்ரைகிளிசரைட் 128. மொத்தம் 210க்கு வந்திருக்கிறது. வயதும் பிரஷரும் இருப்பதால் குறைந்த அளவில் ஒரு குளிசையும் தொடங்குவது நல்லது என்று டொக்டர் சொன்னார். அப்பா ஒத்துக்கொண்டார், நேற்றிலிருந்து போடுகிறார்.

என்ன செய்தோம் என்று சொல்கிறேன். அன்ரியின் கணக்கை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் தானே 2 லீற்றர் கானை மேல் தட்டில் ஏற்றிவிட்டு, ஒரு பழைய ஜாம் போத்தலில் வாரத்துக்கு என்று அளந்து ஊற்றி வைத்தார். இப்போது மாதம் தேங்காய் எண்ணெய் அரை லீற்றர், நல்லெண்ணெய் ஒரு லீற்றர். கத்தரிக்காய் பஞ்சு மாதிரி எண்ணெய் குடிக்கும், ஆகவே அதைப் பொரிப்பதை நிறுத்தி, கொஞ்சம் உப்புப் பிரட்டி வைத்துப் பிழிந்து, மூன்று தேக்கரண்டி நல்லெண்ணெயில் மூடி வதக்குகிறோம். மீன் கிழமைக்கு ஒருநாள்தான் பொரியல், மற்ற நாளில் சூடையோ கும்பளாவோ குழம்பு. பின்னேரத் தேத்தண்ணீருக்குச் சீனி ஒரு கரண்டி. மாஜரின் வாங்குவதில்லை.

மிகக் கஷ்டமாக இருந்தது சொதி. முதலில் பசுப்பால் விட்டுப் பார்த்தோம், அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு அம்மா கண்டுபிடித்த வழி இது. அரைத் தேங்காய்தான் திருவுவார். முதற்பாலை எடுத்துச் சம்பலுக்கும் இல்லை, கறிக்கும் இல்லை, யாராவது விருந்தாளி வரும் நாளுக்கென்று குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுவார். கப்பிப்பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, ஒரு தக்காளி போட்டுக் கொதிக்க வைத்து, அவித்த உருளைக்கிழங்கில் ஒரு துண்டை மசித்துக் கரைத்து விடுவார். தடிப்பு வந்துவிடும். இறக்கிய பிறகு ஒரு மேசைக்கரண்டி முதற்பால், தேசிக்காய்ப் புளி. அந்த ஒரு கரண்டி இல்லாவிட்டால் அப்பா கண்டுபிடித்துவிடுகிறார்.

செக்கடித் தம்பி, சனிக்கிழமை ஒரு லீற்றர் எடுக்க வரலாமா? கடை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?


சுன்னாகம் செக்கடி எழுதியது:

காலை 8 மணிக்குத் திறந்திருக்கும் அக்கா. வெள்ளி பின்னேரம் ஆட்டின எண்ணெய் தெளிந்து நிற்கும். கண்ணாடிப் போத்தல் ஒன்று கழுவி, ஈரம் இல்லாமல் காயவிட்டுக் கொண்டு வாருங்கள்.